செதில் கையுறை: மேசையில் கச்சிதம், கையில் மாட்டினால் பல்லிளிக்குது

ஒற்றைக்கண்ணி எழுதியது:

ஆறு வருஷமா குல்லா, சாக்ஸ், கையுறைன்னு பின்னிட்டிருக்கேன். உலோகச் செதில் வெச்சுப் பின்றது இதுதான் முதல் தடவை. தம்பி ஒரு நாடகத்துல படைத்தளபதியா நடிக்கிறான். விரல் நுனி மூட வேண்டாம், மணிக்கட்டைத் தாண்டி நாலு விரல் அளவு வந்தா போதும், ஆனா வாளைப் பிடிச்சு நிக்கும்போது புறங்கை பாம்புத் தோல் மாதிரி மின்னணும்னு கேட்டான். சரின்னு தலையாட்டிட்டேன்.

நான் செஞ்சது இது. செதில் ஆனடைஸ் பண்ண (மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தி நிறம் ஏத்தின) அலுமினியம், 22 மி.மீ. நீளம், 14 மி.மீ. அகலம். நூல் டீ.கே.ன்னு சொல்ற நடுத்தரத் தடிமன் அக்ரிலிக், ஊசி 4 மி.மீ. மாதிரித் துண்டுல 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வந்தது. தம்பியோட வலது கைச் சுற்றளவு 21 செ.மீ. கணக்குப்படி 46 கண்ணி. கையுறைன்னா எப்பவும் பத்துல ஒரு பங்கு குறைச்சுத்தான் போடுவேன், அதனால 42. உள்ளங்கைக்கு 21, புறங்கைக்கு 21. புறங்கையில மூணு கண்ணிக்கு ஒரு செதில், நாலு வரிசைக்கு ஒரு தடவை. மணிக்கட்டுப் பக்கம் ஆரம்பிச்சு விரலை நோக்கி வட்டமா பின்னிட்டுப் போனேன்.

மேசையில கிடக்கும்போது ஊசி நுழைய இடமில்ல, அவ்வளவு நெருக்கம். அவன் மாட்டிக்கிட்டு முஷ்டி பிடிச்சான், செதிலுக்குச் செதில் நடுவுல நூல் தெரியுது. கையைத் தொங்கவிட்டா இன்னும் மோசம். முள்ளம்பன்றி மாதிரி எல்லாம் சிலிர்த்துக்கிட்டு நிக்குது. இதுல செதிலை எல்லாம் முன்கூட்டியே நூல்ல கோத்து வெச்சிருந்தேன், கடைசிப் பத்து செதில் வர்றதுக்குள்ள நூல் பஞ்சா போச்சு.

பிரிக்கத் தயார். ஆனா எதை மாத்துறது? கண்ணியைக் கூட்டினா உள்ளங்கை தொளதொளன்னு ஆயிடும், வாள் கையில நிக்காது. இன்னொண்ணு, அவனோட இடது கை வலதை விடக் கொஞ்சம் சின்னது. அதுக்கும் வழி சொல்லுங்க.


டேப்புக்காரர் எழுதியது:

தங்கச்சி, உங்க 42 சரி. அதைப் பங்கு போட்டதுதான் தப்பு.

நான் முப்பது வருஷம் தையல் மெஷின்ல உட்கார்ந்த ஆள். பின்னல்ங்கிறது கண் பார்வை கொஞ்சம் மங்கின பிறகு பிடிச்ச பழக்கம், கண்ணியை விரலாலயே எண்ணிக்கலாம் பாருங்க, அதுக்காக. சட்டைக்கு அளவு கொடுக்க வர்றவன் கண்ணாடி முன்னால நிக்கிற மாதிரி விறைப்பா நிப்பான். அந்த முதுகை அளந்து வெட்டினா, முதல் நாள் பஸ் கம்பியைப் பிடிச்சதும் தோள்பட்டைக்குக் கீழ பிரிஞ்சிடும். கையை முன்னால நீட்டச் சொல்லி இன்னொரு தடவை அளக்கணும். நீங்க தம்பி கையை விரிச்சு வெச்சுத்தானே அளந்தீங்க? முஷ்டி பிடிக்கச் சொல்லுங்க. ஆள்காட்டி விரல் ஓரத்துல இருந்து சுண்டு விரல் ஓரம் வரைக்கும், நாலு முட்டி மேலயும் படுற மாதிரி ஒரு நூலை வெச்சு அளங்க. பெரும்பாலும் 11 செ.மீ. பக்கம் வரும்.

இப்ப உங்க கணக்கைப் பாருங்க. 21 கண்ணி இழுக்காம இருக்கும்போது 9.5 செ.மீ. அது 11 செ.மீ.யை மூடணும்னா கிட்டத்தட்ட 15 சதவீதம் இழுபடணும். மூணு கண்ணி இடைவெளி மேசையில 13.6 மி.மீ., செதில் அகலம் 14, அதனால கச்சிதமா தெரிஞ்சது. இழுபட்டா அதே மூணு கண்ணி 15.7 மி.மீ. செதில் இழுபடாதே! ஒண்ணே முக்கால் மி.மீ. சந்து விழுந்தது அதனாலதான்.

கையுறை இறுக்கமா உட்காரணும், ஆனா அந்த இறுக்கத்தைச் செதில் இருக்கிற பக்கம் கேட்கக் கூடாது. உள்ளங்கைதான் அதுக்கு ஆள். புறங்கைக்கு முஷ்டி அளவை முழுசா கொடுங்க, குறைக்காதீங்க: 11 செ.மீ.க்கு 24 கண்ணி. மிச்சம் 18 உள்ளங்கைக்கு. அதையும் சமப் பின்னலா போடாம ரெண்டு பர்ல் (பள்ளமா விழுற கண்ணி) ரெண்டு நிட் (மேடா நிக்கிற கண்ணி)னு மாத்தி மாத்தி ரிப்பா, அதாவது மேடு பள்ளக் கோடா, போடுங்க. ரெண்டு ஓரத்துலயும் பர்ல் வர்ற மாதிரி வெச்சா 18 சரியா அடங்கும், செதில் பக்கம் ஒரு பள்ளக் கோடு விழுந்து எல்லை தானா தெரியும். மொத்தம் அதே 42. ரிப் ரப்பர் மாதிரி சுருங்கி உள்ளங்கையை ஒட்டிக்கும், வாள் கைப்பிடிக்கும் பிடிப்பு கிடைக்கும்.

மூணு கண்ணிக்கு ஒண்ணுங்கிறதையும் விட்டுடுங்க. மூணுக்கு நடு கிடையாது. அடுத்த வரிசைச் செதில் ரெண்டு செதிலுக்கு மத்தியில உட்காராம ஒரு பக்கமா சரியும், நாலு வரிசையில மொத்தக் கையும் சாய்ஞ்ச மாதிரி தெரியும். ஒண்ணு விட்டு ஒண்ணு வைங்க. 24 கண்ணியில 2, 4, 6 எனப் போய் 22 வரைக்கும் ஒரு வரிசை, அடுத்த செதில் வரிசை 3, 5, 7 எனப் போய் 23 வரைக்கும். ரெண்டுலயும் 11 செதில். ஏழு செதில் வரிசை வந்தா 77. முன்ன வெச்சதை விட ஒன்றரை மடங்குதான், ஆனா எவ்வளவு இழுத்தாலும் நூல் தெரியாது. என்கிட்ட இருக்கிற இதே அளவு அலுமினியச் செதில் நூறு போட்டா தராசுல 40 கிராம் பக்கம் காட்டுது. 77ன்னா 30 கிராம் பக்கம்தான் வரும். ஆசைப்பட்டு இரும்புக்குப் போயிடாதீங்க, அதே கனத்துல எடை கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆயிடும். நாடகம் முடியறதுக்குள்ள தம்பி கையை உதற ஆரம்பிச்சிடுவான்.

இப்ப முள்ளம்பன்றிக்கு வருவோம். செதிலுக்கு ஓட்டை ஒரு நுனியில. பின்னல் எந்தப் பக்கம் வளருதோ அதுக்கு எதிர்ப்பக்கம், அதாவது நீங்க ஆரம்பிச்ச ஓரத்தைப் பார்த்துத்தான் அது தொங்கும். மணிக்கட்டுல ஆரம்பிச்சீங்க, கூர்முனை எல்லாம் முழங்கையைப் பார்த்து நிக்குது. கையைத் தொங்கவிட்டதும் ஒவ்வொண்ணும் தலைகீழாத் தொங்குது, அப்புறம் சிலிர்க்காம என்ன செய்யும்? முட்டியில ஆரம்பிச்சு மணிக்கட்டை நோக்கிப் பின்னுங்க. முனை விரலைப் பார்க்கும். அழுங்கு பார்த்திருப்பீங்களே, உடம்பு பூரா செதில் ஒரே பக்கம் படிஞ்சிருக்கும், அது மாதிரி ஆகும்.

இதுல ரெண்டு வேலை கூடும். ஒண்ணு, ஆரம்பக் கண்ணியை வேற நிற நூல்ல தற்காலிகமாப் போட்டு வைங்க, பின்னால அந்த நூலை உருவிட்டு விரலுக்குக் கண்ணி எடுக்கலாம். ரெண்டாவது கட்டைவிரல். வழக்கமா கண்ணியைக் கூட்டிக்கிட்டே போவீங்க, இங்க எல்லாம் தலைகீழ். கட்டைவிரல் குழாயைத் தனியா 16 கண்ணியில பின்னி வெச்சுக்கங்க. உள்ளங்கை அந்த இடத்துக்கு வந்ததும் குழாயில ஒரு ஓரம் ஒரு கண்ணி, உள்ளங்கையில ஒரு கண்ணி, மறு ஓரமும் அப்படியே, பாதுகாப்பு ஊசியில விட்டு வைங்க. குழாயில மிச்சம் 14 கண்ணியைச் சேர்த்துக்கிட்டு, மூணு வரிசைக்கு ரெண்டு கண்ணி வீதம் குறைச்சுக்கிட்டே வாங்க. 21 வரிசையில, 7 செ.மீ.யில, அத்தனையும் மறைஞ்சிடும். விட்டு வெச்ச கண்ணியைக் கடைசியில ஒண்ணோட ஒண்ணு சேர்த்துத் தைச்சிடலாம், கவட்டை ஓட்டையும் அடைபடும். கட்டைவிரல் ஒரு ஓரத்துல வர்றதால வலதும் இடதும் வேற வேற. செதில் புறங்கையில மட்டும் இருக்கிறதால மாத்திப் போட வழியே இல்ல. நான் முதல் ஜோடியில ரெண்டு இடது கை பின்னி முடிச்சேன். அது இன்னும் அலமாரியில இருக்கு, யாருக்காவது ரெண்டு இடது கை இருந்தா சொல்லுங்க.

மணிக்கட்டுல இளைக்கணும்னா உள்ளங்கை ரிப்புல மட்டும் குறைங்க. செதில் பக்கத்துல ஒரு கண்ணி குறைச்சாலும் மாத்தி மாத்தி வர்ற கணக்கு கெட்டுடும். மணிக்கட்டு மடிப்பு வர்ற இடத்துல மட்டும் நாலு வரிசைக்குப் பதிலா அஞ்சு வரிசை இடைவெளி விடுங்க. உங்க பின்னல்ல அஞ்சு வரிசை 16.7 மி.மீ. ஓட்டையில இருந்து செதில் முனை வரைக்கும் 18 மி.மீ. இருக்கும், மூடிடும். கையைப் பின்னால மடக்கும்போது செதில் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குத்தாம இருக்கும். அதே மாதிரி முதல் செதில் வரிசையை ஆரம்ப ஓரத்துல இருந்து மூணாவது வரிசையில வைங்க. அப்ப முனை முட்டியைத் தாண்டி முக்கால் சென்டிமீட்டர் வெளிய நிக்கும். முஷ்டி பிடிச்சா விரல் மடங்கும், செதில் மடங்காது, நேரா முன்னால நீட்டி நிக்கும். அந்த ஒரு வரிசைக்காகவே தம்பி உங்களுக்குக் கும்பிடு போடுவான்.

நூல் பஞ்சான விஷயம். கோத்து வெச்சுப் பின்னினா, முதல்ல கோத்த செதில்தான் கடைசியா வரும், அதுவரைக்கும் நூல் முழுக்க அத்தனை ஓட்டைக்குள்ளயும் உரசிக்கிட்டே ஓடுது. ஓட்டை அச்சுல குத்தினது, ஓரம் கொஞ்சம் பிசிறா இருக்கும். காது குடையிற பஞ்சுக் குச்சியை ஓட்டைக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்திப் பாருங்க. இழை மாட்டினா அந்தச் செதிலைத் தள்ளி வைங்க.

நான் கோக்கிறதே இல்ல. மெல்லிய குரோஷா ஊசி (நுனியில கொக்கி இருக்கிறது), ஒன்றரை மி.மீ., அதுலதான் ஒவ்வொண்ணா மாட்டுறது. செதிலோட குவிஞ்ச பக்கம் உங்களைப் பார்க்கட்டும், கூர்முனை கீழ. கொக்கியை முன்பக்கத்துல இருந்து ஓட்டைக்குள்ள விடுங்க. இடது ஊசியில அடுத்து இருக்கிற கண்ணியைக் கொக்கியால பிடிச்சு, ஊசியில இருந்து இறக்கி, ஓட்டை வழியா முன்னால இழுங்க. இழுத்த கண்ணியை முறுக்காம மறுபடி இடது ஊசியில ஏத்துங்க. ஏத்தின கையோட அதைப் பின்னிடுங்க, இல்லன்னா செதில் கனத்துல கண்ணி நீண்டுடும். முதல் பத்து செதிலுக்குப் பொறுமை போகும். அப்புறம் கை தானா போகும், டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது எனக்குப் பிடிக்கும்.

இடது கைக்கு அளவு அனுப்புங்க. இப்பவே கண்ணியைக் குறைக்காதீங்க.


ரெண்டுபிளை எழுதியது:

டேப்புக்காரர் அண்ணா சொன்ன பங்கீட்டை அப்படியே ஏத்துக்கிறேன். நூல் விஷயத்துல மட்டும் என் வழி வேற. டீ.கே. நூல்ல ஒண்ணு விட்டு ஒண்ணு வெச்சா இடைவெளி 9 மி.மீ.தான், 14 மி.மீ. செதில் பக்கத்துச் செதில் மேல 5 மி.மீ. ஏறி உட்காரும். பளபளப்பு கூடும், உண்மை. ஆனா செதில் தட்டையாப் படியாது, கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும்.

நைலான் கலந்த சாக்ஸ் நூல், மெல்லிய ஊசி, 10 செ.மீ.க்கு 32 கண்ணி. நாலு கண்ணிக்கு ஒரு செதில்னா 12.5 மி.மீ., ஒன்றரை மி.மீ.தான் மேல ஏறும். நாலுக்கு நடுவும் உண்டு, அடுத்த வரிசை சரியா மத்தியில விழும். நூல் மெல்லிசா இருக்கிறதால ஓட்டை வழியா இழுக்கிறதும் சுலபம், நைலான் இருக்கிறதால பிசிறுக்கும் தாங்கும். இதுல செதில் இடைவெளி அதிகம் இழுபட இடமில்லங்கிறதால முஷ்டி அளவை டேப்புக்காரர் சொன்ன மாதிரியே ஒழுங்கா எடுத்தாகணும். பின்ன நேரம்தான் கூடுதல்.

ஆனடைஸ் பண்ணாத வெறும் அலுமினியம் வாங்கியிருந்தா முதல்ல வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாருங்க. சாம்பல் நிறக் கறை ஒட்டும். வெளிர் நிற நூலா இருந்தா ரெண்டு தடவை மாட்டுறதுக்குள்ள அழுக்காயிடும்.


கொக்கிக்கட்சி எழுதியது:

இவ்வளவு கஷ்டத்துக்கு குரோஷாவுல போட்டிருக்கலாமே? துணி கெட்டியா வரும், இழுபடாது, செதில் வைக்கிறதும் சீக்கிரம். முன்கைக் கவசமெல்லாம் நான் அப்படித்தான் செய்றேன்.

பழைய காலத்துல ரோமானியப் படைவீரர்களோட செதில் கவசம், லோரிகா ஸ்குவாமாட்டான்னு பேரு, அதுல செதில்களைப் பக்கவாட்டுல ஒண்ணோட ஒண்ணு கம்பியால பிணைச்சு, அந்த வரிசைகளைத் துணி மேல தைச்சிருப்பாங்க. முனை கீழ பார்த்துத்தான் தொங்கும். கீழ இருந்து மேல குத்தினா கத்தி செதிலுக்கு அடியில நுழைஞ்சிடும், அதான் அதோட பலவீனம். உங்க தம்பி கையை உயர்த்தி வாளை ஓங்கும்போது முனை மேல பார்த்துடும், அப்ப செதில் விரியாதா?


டேப்புக்காரர் எழுதியது:

விரியும், கொஞ்சம். ஆனா நாடகத்துல ஒருத்தன் வாளை ஓங்கி நிக்கிறது ரெண்டு நொடி. தொங்கவிட்ட கையோட வசனம் பேசறது ரெண்டு நிமிஷம். எது முக்கியம்னு பார்த்து வைக்கணும்.

குரோஷா முன்கைக்குச் சரி, அது நேரான குழாய். கைக்குப் போட்டா முஷ்டி பிடிக்கும்போது துணி கொடுக்காது, பலகை மாதிரி எதிர்த்து நிக்கும். நான் ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டேன். தம்ளரைக்கூடப் பிடிக்க முடியல.

ரெண்டுபிளை சொல்ற சாக்ஸ் நூல் நல்ல யோசனை. எனக்கு 32 கண்ணியைக் கண் பார்க்காது, அதனால நான் போறதில்ல. தங்கச்சிக்கு வயசு இருக்கு, போகலாம்.


ஒற்றைக்கண்ணி எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். கையில இருந்த டீ.கே. நூலையே வெச்சுக்கிட்டேன், அண்ணா சொன்ன 24/18. முஷ்டி அளவு 11.1 வந்தது! வலது கை முடிஞ்சது. உள்ளங்கை ரிப் அப்படியே கவ்விக்குது. கையைத் தொங்கவிட்டா சளசளன்னு ஒரு சத்தத்தோட எல்லாம் படிஞ்சிடுது. முட்டியைத் தாண்டி நிக்கிற அந்த முதல் வரிசையைப் பார்த்துட்டு, கண்ணாடி முன்னால இருந்து நகரவே மாட்டேங்கிறான்.

இடது கை முஷ்டி அளவு 10.5. கணக்குப்படி 23 கண்ணி வருது, அது ஒத்தைப்படையாச்சே?

அப்புறம் ஒரு தப்பு. வலது கையில நாலாவது செதில் வரிசையில ஒண்ணு திரும்பி உட்கார்ந்திருக்கு, குழிஞ்ச பக்கம் வெளிய. விளக்கு வெளிச்சத்துல அது மட்டும் இருட்டா தெரியுது. முடிஞ்ச பிறகுதான் பார்த்தேன். அதுக்கு மேல மூணு வரிசை இருக்கு.


டேப்புக்காரர் எழுதியது:

23க்குப் போகாதீங்க. 24ஐயே வெச்சுக்கிட்டு ஊசியை மாத்துங்க. 4 மி.மீ.க்குப் பதிலா 3.75. 10.5 செ.மீ.யில 24 கண்ணி உட்காரணும்னா 10 செ.மீ.க்கு 23 கண்ணி கிட்ட வரணும், கால் மி.மீ. ஊசி வித்தியாசம் அதைக் கொடுத்திடும். ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்த்துக்கங்க. ரெண்டு கையிலயும் வரிசைக்கு 11 செதில், எதிர்ல நின்னு பார்க்கிறவனுக்கு ஜோடியா தெரியும். வரிசை உயரமும் கொஞ்சம் குறையும், மணிக்கட்டுக்கு முன்னால ரெண்டு வரிசை கூடுதலா பின்ன வேண்டியிருக்கலாம்.

திரும்பின செதிலுக்காகப் பிரிக்காதீங்க. கண்ணியை நழுவவிட்டு இறக்கவும் பார்க்காதீங்க, வழியில மத்த செதில் எல்லாம் மாட்டிக்கும். தகரம் வெட்டுற கத்தரி இருந்தா செதிலை முனைப் பக்கத்துல இருந்து ஓட்டை வரைக்கும் நேரா வெட்டுங்க, அலுமினியம் காகிதம் மாதிரி போகும். கடைசி ரெண்டு மி.மீ. மட்டும் நிதானமா, நூலுக்கும் கத்தரிக்கும் நடுவுல பழைய பிளாஸ்டிக் அட்டைத் துண்டு ஒண்ணைச் செருகிக்கிட்டு வெட்டுங்க. ரெண்டு இடுக்கியால விரிச்சா கழண்டு வந்திடும். புதுச் செதிலை அதே இடத்துல வெச்சு, அதே நூல்ல ஒரு முழம் எடுத்துத் தையல் ஊசியால அந்தக் கண்ணி போன வழியிலயே ரெண்டு தடவை ஓட்டி, உள்பக்கம் முடிச்சுப் போட்டுடுங்க.

மாட்டும்போது அங்கியை முதல்ல போடச் சொல்லுங்க, கையுறை கடைசியா. முனை விரலைப் பார்க்கிறதால சட்டைக் கைக்குள்ள நுழைக்கப் போனா ஒவ்வொரு செதிலும் துணியைக் கொத்திப் பிடிக்கும்.


ஒற்றைக்கண்ணி எழுதியது:

நேத்து ஒத்திகையில கையுறையைப் போட்டுக்கிட்டு அங்கியை மாட்டப் போய் அரை மணி நேரம் சிக்கிக் கிடந்தான். இதை ஒரு நாள் முன்னால சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா?

செதில் மாத்திட்டேன். நூல் அறுபடல.